ஐந்தாவது கிதார்

அன்புள்ள அக்கா,

மிட்ராண்டிலிருந்து எழுதுகிறேன். கோயம்புத்தூர்க்காரன். ஜோகன்னஸ்பர்க் பக்கம் வேலைக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. நீங்கள் கிதார் வாசிப்பவர் என்பதால் உங்களிடம் கேட்கத் தோன்றியது.

இதுவரை ஐந்து அக்கூஸ்டிக் கிதார் வாங்கிவிட்டேன். எதுவும் நாலாயிரம் ரேண்டைத் தாண்டவில்லை. முதலாவது, 2021 டிசம்பரில் டர்பனுக்கு விடுமுறைக்கு வந்தபோது வாங்கியது. மேல்பலகை சாலிட் ஸ்ப்ரூஸ், அதாவது ஒட்டாத ஒற்றை மரப்பலகை, என்று சொல்லிக் கொடுத்தார்கள். 2022 ஜூலையில் அது கெட்டுப்போனது. தந்திகள் இரைய ஆரம்பித்தன, கழுத்தின் ஓரம் விரலைக் கீறியது. அந்த மாதமே இரண்டாவது வாங்கினேன். பிறகு 2023 ஜூன், 2024 ஆகஸ்ட், 2025 ஜூலை. ஒவ்வொன்றும் வாங்கிய வாரம் அமிர்தமாக இருக்கிறது. அப்புறம் சத்தம் செத்துவிடுகிறது. முழுதாக வாசிக்கத் தெரிந்தது ஏழு பாட்டுதான். மனைவி ஒன்றும் சொல்வதில்லை, கட்டிலுக்கடியில் இனி இடமில்லை என்று மட்டும் சொன்னாள். ராத்திரி படுத்தபடி ஆறாவதைப் போனில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஐந்தையும் விற்றுவிட்டு இருபத்தைந்தாயிரத்துக்கு நல்லதாக ஒன்றே ஒன்று வாங்கினால் இந்த ஆசை அடங்குமா?

ம.


அன்புள்ள தம்பி,

நீங்கள் மாதங்களையும் எழுதியது நல்லதாயிற்று. முதல் கிதார் மட்டும் டிசம்பர். மற்ற நான்கும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட். நம் தென்னாப்பிரிக்காவின் குளிர்காலம். அதை நீங்கள் கவனித்தீர்களா?

டிசம்பரில் டர்பனில் துணி காயாது, டப்பாவில் உப்பு கட்டிப்போகும். அந்த ஈரத்தில் இருந்த மரத்தை நீங்கள் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேலே ஏற்றிக்கொண்டு போயிருக்கிறீர்கள். உங்கள் மேட்டு நிலத்தில் மழையெல்லாம் கோடையோடு சரி. ஜூலையில் உதடு வெடிக்கும், கம்பளியை உதறினால் பொறி பறக்கும். போதாததற்கு அறையில் ஹீட்டர் வேறு. மரம் தன் ஈரத்தை விட்டுக்கொடுக்கிறது. மேல்பலகை உள்வாங்குகிறது, தந்தி இறங்கி, கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் என்ற உலோகக் கம்பியில் உரசுகிறது. நீங்கள் கேட்ட இரைச்சல் அதுதான். விரல் வைக்கும் பலகையும் சுருங்குகிறது, அதில் பதித்த உலோகம் சுருங்குவதில்லை. அதன் முனை வெளியே துருத்திக்கொண்டு கையைக் கீறுகிறது. அந்தக் கிதாருக்குத் தண்ணீர் தாகம், தம்பி. அதைக் கெட்டுப்போனதாக நினைத்து நீங்கள் ஒதுக்கிவிட்டீர்கள்.

புதியது ஏன் அமிர்தமாக இருந்தது என்பதும் இதிலேயே இருக்கிறது. இந்த விலையில் வருபவை பெரும்பாலும் சீனாவிலோ இந்தோனேசியாவிலோ செய்தவை. பெட்டியிலிருந்து எடுத்த புதிதில் உங்கள் ஊர்க் காற்று அவற்றை இன்னும் தொட்டிருக்காது. தந்தியும் புதுசு. உங்கள் கடிதத்தில் தந்தி மாற்றியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. வியர்வையும் தோலின் எண்ணெயும் தடித்த தந்திகளின் சுற்றுக்குள் போய் அடைத்துக்கொண்டால் எந்தக் கிதாரின் சத்தமும் செத்துத்தான் போகும். புதுத் தந்தி மாட்டியிருந்தாலே போதுமான இடத்தில் நீங்கள் புதுக் கிதார் வாங்கியிருக்கிறீர்கள்.

என் மாமனாரின் கிதார் எங்கள் முன்னறையில் தொங்குகிறது. கல்யாண வீடுகளில் வாசித்தவர். 1960களில், நிறவெறி ஆட்சிக் காலத்தில், டர்பனில் இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த மகசின் பேரக்ஸிலிருந்து குடும்பங்களைச் சாட்ஸ்வர்த்துக்குப் பெயர்த்தபோது, லாரியில் பாத்திர மூட்டைகளுக்கு நடுவே அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். அது ஒரு காலோடோன், காலோ நிறுவனம் டர்பனில் செய்த மலிவு விலைக் கிதார். துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் பழுத்துப்போன சிட்டையில் ஆங்கிலத்தில் ‘பிளக்காது என்று உத்தரவாதம்’ என்று இன்னும் படிக்க முடிகிறது. இதே காலோடோனில் சாம்பியன் என்ற மாடலைத்தான் பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜான் லெனன் பையனாக இருந்தபோது வைத்திருந்தார். 1957 ஜூலை 6 அன்று லிவர்பூலில் வூல்டன் தேவாலயத் திருவிழாவில், பின்னாளில் அதே குழுவில் சேர்ந்து பாடிய பால் மெக்கார்ட்னியை முதன்முதலில் சந்தித்த நாளில், அவர் கையில் இருந்தது அதுதான். அதிலும் அதே உத்தரவாதச் சிட்டை இருந்தது.

பிளக்காததற்குக் காரணம், அது ஒட்டுப்பலகை. மெல்லிய மரத் தகடுகளை ரேகை குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஒட்டினால் ஒன்று சுருங்கப் பார்க்கும்போது இன்னொன்று பிடித்துக்கொள்கிறது. சத்தம் கொஞ்சம் மூடினாற்போல் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறுபது வருடம் தாண்டியும் ஒரு கீறல் இல்லாமல் நிற்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இருபத்தைந்தாயிரத்துக்கு வாங்கினால் பெரும்பாலும் மேல், பக்கம், முதுகு எல்லாமே ஒற்றைப் பலகையாக இருக்கும். சத்தம் அருமையாக இருக்கும், உங்கள் ஊர் ஜூலையில் முதலில் வெடிப்பதும் அதுவாகத்தான் இருக்கும். ஆகவே வேண்டாம், இப்போது வேண்டாம். முதல் கிதாரைக் கட்டிலுக்கடியிலிருந்து எடுங்கள். ஒரு சோப்பு டப்பாவில் ஊசியைச் சூடாக்கிப் பத்துப் பதினைந்து துளை போடுங்கள். ஸ்பாஞ்சை நனைத்து, சொட்டு விழாதபடி நன்றாகப் பிழிந்து அதற்குள் வையுங்கள். டப்பாவைக் கிதாரோடு பைக்குள் போட்டு ஜிப்பை மூடுங்கள். கூடவே சின்னதாக ஓர் ஈரமானி வாங்கிப் போடுங்கள், முள் 45 சதவீதத்துக்கும் 55 சதவீதத்துக்கும் நடுவில் நிற்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் இரைச்சல் குறையும். அப்புறம் தந்தி மாற்றுங்கள்.

ஆனால் ஆசை முழுவதையும் காற்றின் தலையில் கட்டிவிட முடியாது. நானும் இதில் கிடந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். பழைய கிதாரை எடுத்தால் பாதியில் விட்ட பாட்டெல்லாம் ஞாபகத்துக்கு வருகிறது. புதியதிடம் நமக்கு அந்தக் கடன் இல்லை. விலையும் குறைவாக இருப்பதால் வீட்டில் யாரையும் கேட்க வேண்டியதில்லை, நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியதும் இல்லை. நாலாயிரம் என்பதால்தான் கை நீள்கிறது.

எனக்கு அது குறைந்தது எங்கள் குடியிருப்பின் இரவுக் காவலரால். ஜுலு மக்கள் வாழும் ம்சிங்கா பக்கத்துக்காரர், நான் பாபா என்று கூப்பிடுவேன். அவரிடம் ஒரே கிதார். ஒரு முறுக்காணியின் தலை உடைந்துபோய், குறட்டால் திருப்பித்தான் சுருதி சேர்ப்பார். ஒருநாள் இரவு நான் வெளியே வந்தபோது முதல் தந்தியை, அதாவது மிக மெல்லியதை, தளர்த்திக்கொண்டிருந்தார். ‘E’ சுரத்திலிருந்து ‘D’ சுரத்துக்கு, ஒரு முழுச் சுரம் இறக்கம். பிறகு ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் தனித்தனி ஆட்கள்போல ஓட, மேலிருந்து கீழே கொட்டினாற்போல் ஒரு சுரவரிசை. அதை இசிஹ்லாபோ என்கிறார்கள். பாட்டுக்குள் போவதற்கு முன், இன்ன சுருதி, இன்ன வழி என்று காட்டிவிடுவது, நம் ஆலாபனை மாதிரி. பாட்டின் நடுவில் திடீரென்று பாடுவதை நிறுத்தி, தன் குலத்தையும் ஊரையும் மூச்சுவிடாமல் வேகமாகச் சொன்னார். இசிபோங்கோ. நம் ஊர்க் கட்டியம்தான்! ஜுலு மக்களின் மஸ்காண்டா இசை முழுக்க இப்படித்தான். எண்ணெய் டின்னில் தந்தி கட்டி இகோகோகோ என்று வாசித்தவர்களும் இதே மண்ணில் உண்டு.

மறுநாள் என் கிதாரில் அந்த ஒரு தந்தியை இறக்கிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த கார்ட், அதாவது பல தந்திகளைச் சேர்த்துப் பிடிக்கும் விரல்பிடி, எதுவும் அதில் சரியாக நிற்கவில்லை. விரல் மறுபடியும் தேட ஆரம்பித்தது. கடையில் புதுக் கிதாரைக் கையில் வாங்கும்போது வருமே ஒரு பரபரப்பு, அதே பரபரப்பு, ஒரு காசு செலவில்லாமல். அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் எந்தக் கடைக்கும் போகவில்லை.

ஆகவே இரண்டை வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது சாதாரண சுருதியில். ஒட்டுப்பலகைக் கிதார் ஒன்றில் அந்த முதல் தந்தியை ‘D’ சுரத்துக்கு இறக்கி அப்படியே விட்டுவிடுங்கள். ஏழு பாட்டையும் அதில் முதலிலிருந்து தேடுங்கள். போனில் பார்ப்பதை ஜூன் முதல் ஆகஸ்ட் வரைக்காவது நிறுத்துங்கள், உங்களுக்கு அதுதான் கெட்ட காலம்.

மீதி மூன்றை விற்க வேண்டாம், எனக்குத் தாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தேவாரம் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளில் நாலு பேருக்குக் கிதார் மேல் உயிர். இப்போது ஒன்றையே கடிகாரம் பார்த்து மாற்றி மாற்றி வாசிக்கிறார்கள். கடைசியாக வரும் சின்னவளுக்கு முறை வருவதற்குள் அவள் அப்பா ஹாரன் அடித்துவிடுகிறார்.

டிசம்பரில் வரும்போது கொண்டுவாருங்கள். டிக்கியில் வைக்காதீர்கள், வெயிலில் பசை இளகி, தந்திகளை மேல்பலகையில் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்துவிடும். பின்சீட்டில் படுக்கவைத்து மேலே ஒரு துண்டைப் போர்த்துங்கள். முதலாவதையும் எடுத்து வாருங்கள். இங்கே வந்ததும் மேல்பலகை உப்பித் தந்தி உயர்ந்த மாதிரி தெரியும். அதற்காகச் சேடிலை, பிரிட்ஜின் மேல் தந்தியைத் தாங்கும் சின்னப் பட்டையை, தேய்த்துவிடாதீர்கள், மிட்ராண்ட் திரும்பினால் தானாக இறங்கும். தந்தியை நாம் சேர்ந்து மாற்றுவோம்.

அன்புடன்,
அக்கா