தண்ணீரிலேயே வளரும் செடிக்குத் தண்ணீர் அதிகமாகுமா?

கேள்வி: வீட்டுக்குள் ஹைட்ரோபோனிக்ஸ் முறையில் வளர்க்கும் செடிகள் வாடுகின்றன, இலை மஞ்சளாகிறது. தண்ணீர் அதிகமாகிவிட்டதா, வேரில் கோளாறா, எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆகும். மூன்று ஜாடி புதினாவைக் கொன்றுதான் நான் அதைத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீடு ராமநாதபுரம் கடற்கரையில், உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில். தோண்டினால் மணல், இறைத்தால் உப்பு. குடிதண்ணீரைக் குடம் கணக்கில் வாங்குகிற வீட்டில், மண்ணே இல்லாமல் கொஞ்சம் தண்ணீரில் கீரை வளர்க்கலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? கூடத்து ஜன்னலோரம் ஜாடிகளில் புதினாவும் லெட்யூஸும் வைத்தேன். பெரிய டப் ஒன்றில் மீன் தொட்டிக்குப் போடுகிற ஏர் பம்பைப் போட்டுப் பசலை.

ஜாடியில் வைத்தது பம்ப் தேவைப்படாத முறை. ஹவாய் பல்கலைக்கழகத்தின் கிராட்கி பரப்பியதால் கிராட்கி முறை என்றே சொல்கிறார்கள். செடி குடிக்கக் குடிக்கத் தண்ணீர் இறங்கும். இறங்கிய இடத்தில் தொங்கும் வேர், ஈரக்காற்றில் பூனை முடி போலப் பொசுபொசுவென்று கிளைத்து அங்கேயே மூச்சு வாங்கப் பழகிக்கொள்ளும். கீழே இருக்கும் வேர் தண்ணீரும் சத்தும் எடுக்கும். பாதி காலியாக இருப்பதுதான் அந்த ஜாடிக்கு அழகு.

ஆனால் எங்கள் பக்கத்தில் பாதி காலியான பாத்திரத்தைப் பார்த்தால் யாருக்கும் கை சும்மா இருக்காது. நான் இரண்டு நாள் மதுரைக்குப் போயிருந்தேன். அம்மா நல்ல எண்ணத்தில் மூன்று ஜாடியையும் கழுத்துவரை நிரப்பிவிட்டார். "காஞ்சு கெடந்துச்சுடா, ஊத்துனேன்." மறுநாள் இலை தொங்கியது. தொங்கியதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் ஊற்றினார். காற்றுக்குப் பழகிய வேர் மொத்தமும் தண்ணீருக்குள் போய்விட்டது. ஐந்தாம் நாள் ஜாடியைத் திறந்தபோது சாக்கடை வாடை.

இந்தப் பக்கம் இறால் பண்ணையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ராத்திரியில் அந்தச் சக்கரங்கள் எதற்குச் சுற்றுகின்றன? குளம் நிறையத் தண்ணீர் இருந்தும் விடியற்காலையில் அதில் ஆக்சிஜன் குறைந்து இறால் திணறும் என்பதால்தான். வேரும் அப்படியே. அதோடு தண்ணீர் சூடாகச் சூடாக அதில் காற்று கரைவது குறைகிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் 7.5 தான். மே மாதம் மாடி இல்லாத கான்கிரீட் வீட்டுக்குள் ஜாடித் தண்ணீர் சாதாரணமாகவே 31, 32 வரும். வேரழுகலை உண்டாக்கும் பித்தியம் என்ற நுண்ணுயிருக்கு அந்தச் சூடு ரொம்பப் பிடிக்கும்.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? இலையைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். தண்ணீர் போதாத செடியும் வாடும், வேர் அழுகிய செடியும் வாடும், இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வாடும் நேரம் மட்டும் கொஞ்சம் துப்புக் கொடுக்கும். மத்தியானம் கச்சான் என்கிற மேல்காற்றில் துவண்டு சாயங்காலம் நிமிர்ந்தால் அது வெக்கை. காலையில் எழுந்து பார்க்கும்போதே தலை தொங்கியிருந்தால் வேரைச் சந்தேகப்படலாம்.

அப்புறம் செடியை, அது உட்கார்ந்திருக்கும் ஓட்டைக் கிண்ணத்தோடு (நெட் பாட்) தூக்கி வேரைக் கையில் பிடித்துப் பாருங்கள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், சத்துக் கரைசலே சில சமயம் வேரைப் பழுப்பாக்கிவிடும். இரண்டு விரலால் ஒரு வேரைப் பிடித்து மெதுவாக இழுங்கள். நல்ல வேர் விறைப்பாக இருக்கும். அழுகிய வேரில் மேல்தோல் வழவழவென்று சட்டை போலக் கழன்று விரலோடு வந்துவிடும், உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். அது நடந்தால் வேறு பரிசோதனை வேண்டாம். மூக்கும் சொல்லும்: நல்ல ஜாடியில் மழை நனைத்த மண் வாசம் லேசாக வரும், கெட்டதில் அழுகிய முட்டை.

செடியைத் தொடாமலே செய்யக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு, எனக்கு அதுதான் பிடித்தது. ஜாடியில் தண்ணீர் மட்டத்துக்கு நேராகக் கோடு போட்டு, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பையும் சத்தையும் சேர்த்துக் காட்டும் டிடிஎஸ் அளவை மீட்டரில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் கழித்துத் திரும்பப் பாருங்கள். மட்டம் இறங்கி டிடிஎஸ்ஸும் இறங்கியிருந்தால் செடி நன்றாகச் சாப்பிடுகிறது. மட்டம் இறங்கி டிடிஎஸ் ஏறியிருந்தால், தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை ஒதுக்குகிறது, கரைசலில் உப்பு அதிகம். மட்டம் அசையவே இல்லை, செடியும் வாடுகிறது என்றால் வேர் குடிப்பதை நிறுத்திவிட்டது.

அந்த இரண்டாவது வகை எங்கள் கடற்கரையில் ரொம்ப சகஜம், அதை வேரழுகல் என்று நினைத்து மருந்து ஊற்றுகிறவர்களும் சகஜம். எங்கள் கிணற்றுத் தண்ணீரே மீட்டரில் 1800 காட்டுகிறது. கீரைக்குச் சத்து கலந்த பிறகே மொத்தம் 600, 800 இருந்தால் போதும். சத்து போடும் முன்பே இரண்டு மடங்கு தாண்டிவிட்ட தண்ணீரில் எதை வளர்ப்பது? உப்பினால் வரும் கோளாறில் இலையின் ஓரமும் நுனியும் தீய்ந்து மொறுமொறுவென்று ஆகும். வேர்நுனி பழுப்பாகி நிற்கும், ஆனால் வழுக்காது, நாறாது. இதற்கு மருந்து கிடையாது, தண்ணீரைத்தான் மாற்ற வேண்டும். நான் கேன் தண்ணீருக்கு மாறினேன், அது 60 காட்டுகிறது. ஆனால் இப்படி ஆர்ஓவில் சுத்திகரித்த தண்ணீரில் கால்சியம் ஏறக்குறைய இருக்காது, அதனால் கால்சியம் நைட்ரேட் உள்ள சத்துக் கலவையாகப் பார்த்து வாங்குங்கள். கோகோபீட் என்ற தேங்காய் நார்த்தூளைப் பயன்படுத்தினால் அதிலும் உப்பு ஒளிந்திருக்கும். ஊறவைத்துப் பிழிந்த தண்ணீரை மீட்டரில் பார்த்து, இறங்கும்வரை அலசுங்கள். வேருக்கு வெளியே அது சொதசொதவென்று கிடந்தாலும் மூச்சு முட்டும்.

மஞ்சள் பற்றி இரண்டு வரி. கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் பெரும்பாலும் கரைசலின் பிஎச் (அமில, கார அளவு) ஏறிவிட்டதால் இரும்புச்சத்து கிடைக்கவில்லை, 5.5 முதல் 6.5 வரை கொண்டுவந்தால் சரியாகும். அடி இலை பழுத்து, கூடவே செடியும் தொங்கினால் வேரைத் தூக்கிப் பாருங்கள்.

அழுகல்தான் என்று உறுதியானால், ஓடும் தண்ணீரில் வேரை அலசி, ஸ்பிரிட் துடைத்த கத்தரியால் வழுக்கும் வேரையெல்லாம் வெட்டுங்கள். மேலே இலையிலும் மூன்றில் ஒரு பங்கைக் கழியுங்கள், இருக்கிற வேர் அத்தனை இலைக்குத் தண்ணீர் தூக்காது. ஜாடியைப் பிளீச்சிங் தண்ணீரில் கழுவி நன்றாக அலசிவிட்டு, பாதிச் சத்து கலந்த புதுக் கரைசல், வேரின் அடிப்பகுதி மட்டும் நனைகிற அளவுக்கு. மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு லிட்டருக்கு 3 மில்லி ஒருமுறை போடலாம். அதோடு டிரைக்கோடெர்மா போன்ற, வேரைக் காக்கும் நல்ல பூஞ்சைகளைச் சேர்க்காதீர்கள், பெராக்சைடு அவற்றையும் கொன்றுவிடும். வெளிச்சம் புகாமல் ஜாடிக்குப் பழைய சேலைத் துணி சுற்றுங்கள், பாசி பிடிக்காது. பம்ப் வைத்திருந்தால் அதைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கரண்ட் போனபோது தண்ணீர் குழாய் வழியாகப் பின்னால் ஏறி ஒரு பம்ப் எனக்குப் போனது.

பிழைத்தால் ஒரு வாரம், பத்து நாளில் வெள்ளை நுனி எட்டிப்பார்க்கும். புதினாவுக்கு இத்தனை வைத்தியம் வீண் என்பது என் கட்சி. தலைப்பகுதியைக் கிள்ளிப் புதுத் தண்ணீரில் போட்டால் அதுவே வேர்விடும். லெட்யூஸுக்கு மட்டும் மெனக்கெடுவேன், எங்கள் ஊர்க் கடையில் கிடைக்காது.

இப்போது எல்லா ஜாடியிலும் துணிக்கு மேலே தெரிகிற மாதிரி, தங்கச்சியின் நெயில் பாலிஷில் ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது. அதற்கு மேல் ஊற்றக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். கோடு வரைக்கும் ஊற்றிவிட்டுச் சொம்பில் மிச்சமிருப்பதைக் கறிவேப்பிலைக்குக் கொண்டுபோய் விடுகிறார்.