கேள்வி – பதில்: யூதர்களின் போர்க்கால ஏடுகள்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் உயிர் தப்பிய யூதர்களின் நினைவுக் குறிப்புகளில் பல, ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டவை. நினைவு பிசகாதா? அவற்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: தேதியும் எண்ணிக்கையும் பிசகக்கூடும், ஆகவேதான் வரலாற்றாசிரியர்கள் அவற்றைப் பிற ஆவணங்களோடு ஒத்துப் பார்க்கிறார்கள். ஆனால் அன்றன்றே எழுதப்பட்ட நாட்குறிப்புகளும் இருக்கின்றன. அவற்றுள் நான் முதலில் வைப்பது விக்டர் கிளெம்பெரருடையதை. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பேராசிரியராக இருந்த அவர் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவராக மாறியிருந்தும், நாஜிச் சட்டத்தின்படி யூதராகவே கருதப்பட்டு 1935-இல் பதவி இழந்தார். மனைவி ஏவா யூதர் அல்லர் என்பதால் மட்டுமே நாடுகடத்தப்படாமல் இருந்தார். எழுதிய தாள்களை ஏவா அவ்வப்போது அருகிலுள்ள பிர்னா என்ற ஊரில் இருந்த, மருத்துவரான தோழி ஒருவரிடம் கொண்டுபோய் ஒளித்துவைத்தார். அவை சிக்கியிருந்தால் மூவருக்கும், தாள்களில் பெயர் வந்த பலருக்கும் ஆபத்து.

1942 ஜூனில், அதுவரை யூதர்களுக்கு விதிக்கப்பட்ட தடைகளை அவர் வரிசையாக எழுதிப் பார்க்கிறார்: 31 வருகின்றன. வானொலி கூடாது, பூ வாங்கக் கூடாது, முடிதிருத்தகம் போகக் கூடாது, தட்டச்சுப் பொறியை ஒப்படைக்க வேண்டும். வளர்ப்புப் பிராணிகளுக்கும் தடை வந்ததால், அவர்கள் செல்லமாக வளர்த்த முஷல் என்ற பூனையை, அதிகாரிகள் கொண்டுபோகும் முன், கால்நடை மருத்துவரிடம் கொடுத்துக் கொல்லவைக்க நேர்ந்தது. அரசாணைத் தொகுப்பில் தடை இருக்கும், பூனை இருக்காது. நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாமல் எழுதியதால், வதந்தியும் அச்சமும் தவறான ஊகமும்கூட அதில் அப்படியே பதிந்திருக்கின்றன. பின்னாளில் எழுதுபவரால் அந்த அறியாமையைத் திரும்பப் பெற முடியாது.

1945 பிப்ரவரி 13 அன்று, எஞ்சியிருந்த யூதர்களுக்கு ‘வெளியூர் வேலை’ என்ற பெயரில் வந்த நாடுகடத்தல் ஆணைகளை வீடு வீடாகக் கொடுக்கும் பணி அவர் தலையில் விழுந்தது. அன்றிரவே நகரின் மீது குண்டுமழை. அந்தக் குழப்பத்தில் யூதர் என்று அடையாளம் காட்ட அவருடைய மேலங்கியில் கட்டாயமாகத் தைக்கப்பட்டிருந்த மஞ்சள் நட்சத்திரத்தை ஏவா பேனாக்கத்தியால் அறுத்தெடுக்க, இருவரும் அகதிக் கூட்டத்தில் கலந்து தப்பினர். ஏடு நூல் வடிவம் பெற்றது 1995-இல்தான்.

கேள்வி: தப்பியவர்கள் நெடுங்காலம் வாய் திறக்காமல் இருந்தது ஏன்?
– வாசகி, மதுரை

பதில்: வாய் திறக்கவில்லை என்பது பாதி உண்மைகூட இல்லை. போர் முடியும் முன்பே, 1944-இல், போலந்தின் லூப்லின் நகரில் யூத வரலாற்றுக் குழு ஒன்று தப்பியவர்களின் வாக்குமூலங்களைத் திரட்டத் தொடங்கிவிட்டது. நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து மீண்ட இத்தாலிய வேதியியலாளர் பிரீமோ லெவி, ஊர் திரும்பியதுமே தம் அனுபவத்தை எழுதினார். பெரிய பதிப்பகமான எய்னாவ்தி அதை ஏற்க மறுத்ததால், சிறிய பதிப்பகம் ஒன்று 1947-இல் 2,500 பிரதிகள் அச்சிட்டது. அவையும் முழுதாக விற்கவில்லை. மறுத்த அதே எய்னாவ்தி 1958-இல் மறுபதிப்பு வெளியிட்ட பின்னரே அந்நூல் பரவலாக வாசிக்கப்பட்டது.