நூலும் நெயில் பாலிஷும் ஒரே மேஜையில் குவிந்து கிடக்கின்றன, எப்படி அடுக்குவது?

குரோஷே நூல், ஊசிகள், நெயில் பாலிஷ், நகத்தில் ஒட்டும் கற்கள் எல்லாம் ஒரே மேஜையில் கிடக்கின்றன, எந்த நிற வரிசையில் அடுக்கினால் அழகாக இருக்கும், நூலைக் கண்ணாடி ஜாடியில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அழகை அப்புறம் பார்ப்போம். முதலில் கல் ஒட்டுகிற நகப் பசையை அந்த மேஜையிலிருந்து எடுத்துவிடுங்கள். படித்து முடிக்கும் முன்பே எழுந்து போய் எடுத்தாலும் சரி.

இவ்வளவு அவசரப்படுத்தக் காரணம் இருக்கிறது. ஒருமுறை அக்கா மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தில் கல் ஒட்டிக்கொண்டிருந்தாள். அவள் மடியில் பருத்தி நூல்கண்டு. பசைக் குழாயின் மூடி இறுகிப்போயிருக்க, அவள் அழுத்தித் திறந்ததில் பசை மொத்தமாக நூல்மேல் கொட்டியது. "சித்தி, சுடுது!" என்று துள்ளி எழுந்தாள். நூலிலிருந்து மெல்லிய புகை வந்தது, கண் எரிகிற நெடி வேறு. நூல்கண்டைத் தட்டிவிட்டு, தொடைமேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். துணி தோலோடு ஒட்டாததால் சிவந்ததோடு போயிற்று. பசை விழுந்த இடத்தில் நூல் கல்லாக இறுகிக் கிடந்தது.

கல்லும் செயற்கை நகமும் ஒட்டுகிற பசையில் பெரும்பாலும் இருப்பது சயனோஅக்ரிலேட். வீட்டில் உடைந்த பொருளை ஒட்ட வைத்திருக்கும் சூப்பர் க்ளூவும் அதுதான். பருத்தியிலோ கம்பளியிலோ பட்டால் அது மிக வேகமாக இறுகும். இறுகும்போது வெளியாகும் சூடு தோலைப் பொசுக்கிவிடும். சிந்தியதைப் பஞ்சால் துடைப்பதும் அதனால் தவறு. துணி தோலில் ஒட்டிக்கொண்டால் பிய்த்து இழுக்காமல், தண்ணீர் ஊற்றி மருத்துவரிடம் காட்டுங்கள். "ஒரு சொட்டுக்கு இத்தனை பயமுறுத்தலா" என்று யாராவது கேட்பீர்கள். ஒரு சொட்டால் ஒன்றும் ஆகாமல் போகலாம். நான் பார்த்தது ஒரு சொட்டு இல்லை.

நெயில் பாலிஷை அழிக்கும் ரிமூவரும் அப்படித்தான். அதில் பெரும்பாலும் இருக்கும் அசிட்டோன் மிகச் சுலபமாகத் தீப்பிடிக்கும், அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, மேஜையோடும் தரையோடும் பரவும். நைலான் கயிற்றின் முனையை லைட்டரால் உருக்குகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அந்த வேலை நடக்கும் இடத்தில் ரிமூவர் பாட்டில் இருக்கவே கூடாது. ஆகவே நகச் சாமான் எல்லாம் மூடி போட்ட ஒரு டப்பாவில், நூல் இல்லாத இடத்தில் இருக்கட்டும். பாட்டில்களை நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்தால் பாலிஷ் கழுத்தில் வழிந்து காய்ந்து, மூடி ஒட்டிக்கொள்ளும்.

இப்போது நூல். நிறவாரியாக அடுக்குவது படம் எடுக்க அழகாக இருக்கும், அதில் சந்தோஷப்படுகிறவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் குரோஷே போடுகிறவர் தேடுவது தடிமனை. பல லேபிள்களில் நூல்கண்டு படத்துக்குள் 0 முதல் 7 வரை ஓர் எண் இருக்கும். 0 லேஸ் போடும் மெல்லிய நூல், 4 நடுத்தரம், 7 மிகத் தடிமன். அந்த எண்படி பிரித்தால் போதும். லேபிளைத் தூக்கிப் போடாதீர்கள். சாயத் தொகுதி எண், அதாவது டை லாட், அதில்தான் இருக்கிறது. ஒரே நிறப் பெயர், வேறு தொகுதி என்றால் போர்வையின் நடுவில் ஒரு பட்டை பளிச்சென்று வேறாகத் தெரியும்.

லேபிள் தொலைந்த நூலா? சிறு துண்டை இடுக்கியால் பிடித்து, சிங்க் மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்து தானே அணைந்தால் கம்பளி. காகித வாடையும் மென்மையான சாம்பலும் பருத்தி. உருகி உருண்டையானால் அக்ரிலிக் போன்ற செயற்கை நூல். கம்பளியைத் தனியாக மூடி வைக்க வேண்டும், ஏனென்றால் அந்துப்பூச்சியின் புழு தின்பது கெரட்டின் என்ற புரதத்தை. சுத்தமான பருத்தியும் அக்ரிலிக்கும் திறந்த அலமாரியில் இருக்கலாம். இருட்டில் யாரும் தொடாமல் கிடக்கும் நூலில்தான் புழு பெருகும். அவ்வப்போது எடுத்து உதறுங்கள்.

பாதியில் நிற்கும் வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜிப் கவர். நூல், பேட்டர்ன், எந்த வரிசையில் நிறுத்தினீர்கள் என்ற சீட்டு, அதே ஊசி, எல்லாம் உள்ளே. வேறு வேலைக்கு ஊசியை உருவினால் அளவு மறந்து, மிச்சப் பாதி இறுகியோ தளர்ந்தோ வரும். ஊசிகளை மில்லிமீட்டர்படி வரிசைப்படுத்துங்கள். லேஸுக்கான மெல்லிய ஸ்டீல் ஊசியில் எண் கூடக்கூட ஊசி சிறியதாகும், எண்ணை நம்பினால் குழப்பம்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மனசில் ரொம்ப நாளாக இருக்கிறது. கையில் ஊசியைப் பார்த்ததும் "இதில் என்ன வருமானம்?" என்பார்கள், நகத்தைப் பார்த்ததும் "நேரம் நிறைய இருக்கு போல" என்பார்கள். கிரிக்கெட் பார்த்துக்கொண்டு சோபாவில் கிடப்பவரிடம் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்பதில்லை. அப்படிச் சொல்லிவிட்டுப் போன அதே உறவினர், குழந்தை பிறந்ததும் தொப்பியும் காலுறையும் இலவசமாகக் கேட்டு வந்தார். போட்டுக் கொடுத்தேன், குழந்தை என்ன செய்யும். அந்தக் கேள்வியை மறக்கவில்லை.

சரி, நகத்துக்கு வருகிறேன். இரண்டு வேலையும் செய்கிற கையில் மேடான கல் வேண்டாம், மென்மையான மோஹேர் நூல் சிக்கிக்கொள்ளும். மழமழப்பான டிசைன் போடுங்கள். குண்டூசியை ரப்பரில் குத்தி அதன் தலையைப் பாலிஷில் தொட்டு ஐந்து புள்ளி, நடுவில் ஒரு மஞ்சள் புள்ளி: டெய்சி பூ தயார். வெள்ளை மேல் ஜிக்ஜாக் கோடு இழுத்தால் ஸ்வெட்டர் பின்னல். கடைசியாகப் பூசும் நிறமற்ற பாலிஷை (டாப் கோட்) நக நுனி விளிம்பிலும் தடவுங்கள், நூல் உரசி முதலில் உரிவது அங்கேதான். பாலிஷ் மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே கரைப்பான் ஆவியாகிக்கொண்டே இருக்கும். மெல்லிய பூச்சாகப் போட்டு, அன்றைக்கு ஊசியைத் தொடாமல் இருந்தால் பஞ்சு ஒட்டாது.

கண்ணாடி ஜாடி கேட்டீர்களே, தாராளமாக வைக்கலாம், வெயில் படாத இடத்தில். ஜன்னலோரம் என்றால் நூலின் ஒரு பக்கம் மட்டும் வெளுத்துவிடும்.