ஹெம்ப் வந்தால் காடு பிழைக்குமா?

மரத்துக்குப் பதில் ஹெம்ப்பில் காகிதம் செய்தால் காடு பிழைக்கும் என்கிறார்களே, ஹெம்ப் என்பது நம்ம ஊர் சணல்தானே? அதற்கு ஏன் இத்தனை கெடுபிடி?

இல்லை, பெயரில்தான் குழப்பம். சாக்கு தைக்கிற சணல் ஒரு செடி, வயலில் விதைத்து பூக்கும்போது மடக்கி உழுகிற சணப்பை இன்னொரு செடி. ஹெம்ப் இரண்டுமே இல்லை, அது கஞ்சாச் செடியின் இனம், ஆனால் போதை தரும் டிஎச்சி மிகக் குறைவாக உள்ள ரகம். 1985 போதைப்பொருள் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி நாருக்கும் விதைக்கும் பயிரிட அரசு அனுமதி கொடுக்கலாம். உத்தரகாண்ட் 2018இலேயே உரிமம் கொடுத்தது, டிஎச்சி 0.3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அனுமதி இல்லாமல் ஒரே ஒரு செடி வைத்தாலும் வழக்குதான், அதனால் ஆர்வக்கோளாறில் விதை வாங்கித் தூவிவிடாதீர்கள்.

ஒரு ஏக்கர் ஹெம்ப், நாலு ஏக்கர் காட்டுக்குச் சமமாமே?

இந்தக் கணக்கு 1916இல் அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட 404ஆம் எண் அறிக்கையிலிருந்து வருகிறது. நார் உரித்த பிறகு மிஞ்சும் தக்கையிலிருந்து காகிதக் கூழ் எடுத்துப் பார்த்து, 10,000 ஏக்கர் ஹெம்ப் 40,500 ஏக்கர் கூழ்மரக் காட்டுக்கு ஈடு என்று எழுதினார்கள், அந்த அறிக்கையையே அந்தத் தாளில்தான் அச்சடித்தார்கள். ஆனால் அவர்கள் ஒப்பிட்டது மெதுவாக வளரும் அந்தக் கால அமெரிக்க மரங்களோடு. இன்றைக்கு நாலைந்து வருடத்தில் வெட்டுகிற தைலமரத்தோடும் சவுக்கோடும் வைத்துப் பார்த்தால் அந்த நாலு மடங்கு நிற்காது, தயவுசெய்து அதைப் பகிர்வதை நிறுத்துங்கள்.

ஹெம்ப்பின் நிஜமான பலம் வேறு. சுமார் நாலு மாதத்தில் அறுவடை, லிக்னின் (செடியைக் கெட்டியாக்கும் பொருள்) மரத்தைவிடக் குறைவான, நீளமான பட்டைநார், அப்புறம் அந்த நாரைக் கொஞ்சம் கலந்தாலே பழைய தாளிலிருந்து செய்த கூழ் வலுவடையும். சிக்கல் என்னவென்றால், ஆலைக்கு வருடம் முழுக்கத் தீனி வேண்டும், ஹெம்ப்போ ஒரே சமயத்தில் வந்து குவியும், தண்டு இடத்தை அடைக்கும், ஈரமானால் கெடும். அதைச் சேமிக்க வழி பண்ணாமல் சும்மா புகழ்ந்து பயனில்லை. கரூர் புகழூரில் தமிழ்நாடு காகித ஆலை 1980களிலிருந்து கரும்புச் சக்கையில் காகிதம் செய்கிறது. சர்க்கரை ஆலைகளுக்கு எரிக்க வேறு எரிபொருளைக் கொடுத்துச் சக்கையை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இருந்ததால்தான் அது ஓடியது. ஹெம்ப்புக்கும் இப்படி ஒரு ஏற்பாடுதான் முதலில் வேண்டும்.

காகிதத்தை மாற்றினால் காடழிப்பு நின்றுவிடுமா?

நிற்காது. ஐநாவின் உணவு வேளாண் அமைப்பின் கணக்கில் காடழிப்பில் கிட்டத்தட்ட 90 சதவீதம் விவசாயத்தாலும் மேய்ச்சலாலும் நடக்கிறது: அமேசானில் மாட்டு மேய்ச்சல், இந்தோனேசியாவில் பாமாயில். ஆனால் அதே இந்தோனேசியாவில், சுமத்ரா தீவின் ரியாவ் பக்கம் மழைக்காட்டை அழித்துக் காகிதக் கூழுக்காக அக்கேசியா மரம் நட்டார்களே, அங்கே மாற்று நார் நேரடியாக உதவும். ஹெம்ப் போடுவதற்காக இன்னொரு காட்டைத் திருத்தினால் எல்லாம் வீண். ஏற்கெனவே உழுத நிலத்தில், மாற்றுப்பயிராக மட்டும் போட வேண்டும்.

ஹெம்ப்பில் வீடு கட்டலாமா?

தக்கையைச் சுண்ணாம்போடு கலந்து சுவர் எழுப்பலாம், வெப்பம் நன்றாகத் தடுக்கும். பாரம் தாங்காது, தூணும் உத்திரமும் தனியாக வேண்டும். எல்லோரா குகைகளின் மண்பூச்சிலேயே இந்தச் செடியின் நார் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஹெம்ப் நோட்டு விலை அதிகம், வாங்கலாமா?

ஆசைக்கு ஒன்று வாங்குங்கள். பிள்ளைகளின் பள்ளி நோட்டுக்குக் கரும்புச் சக்கைத் தாளோ மறுசுழற்சித் தாளோ போதும், இரண்டு பக்கமும் எழுதச் சொல்லுங்கள்.