வாசகர் கேள்வி: ராப்பலகையும் துருவ நட்சத்திரமும்

கேள்வி (கீழக்கரை): அக்காலத்து அரபு மாலுமிகள் ஒரு பலகையையும் முடிச்சுப் போட்ட கயிற்றையும் வைத்தே துறைமுகம் பிடித்தார்களாமே? பள்ளிக் கண்காட்சிக்கு அதைச் செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக. அரபியில் அதற்குக் கமால் என்று பெயர். சோழமண்டலக் கரையில் ராப்பலகை. வடக்கே போகப் போகத் துருவ நட்சத்திரம் உயரும், தெற்கே வர வரத் தாழும். தொடுவானத்திலிருந்து அது நிற்கும் உயரமே கிட்டத்தட்ட அந்த ஊரின் அட்சரேகை.

8 செ.மீ. உயரமுள்ள சிறு பலகையின் நடுவில் துளையிட்டுக் கயிறு கோத்துக்கொள்ளுங்கள். நைலான் வேண்டாம், இழுத்தால் நீளும். மெழுகு தேய்த்த பருத்திக் கயிறு நல்லது. பலகையிலிருந்து அளந்து சென்னைக்கு 34.9 செ.மீ., நாகப்பட்டினத்துக்கு 42.4, ராமேஸ்வரத்துக்கு 49.2, கன்னியாகுமரிக்கு 56.6 செ.மீ. தூரத்தில் முடிச்சுப் போடுங்கள். வேண்டிய ஊரின் முடிச்சைக் கண்ணுக்குக் கீழே கன்ன எலும்பில் அழுத்திக்கொண்டு, கயிறு விறைக்கும்வரை பலகையை முன்னே தள்ளுங்கள். கீழ் விளிம்பு தொடுவானத்தில் உட்கார வேண்டும். நட்சத்திரம் மேல் விளிம்பைத் தொட்டால் அந்த ஊரின் அட்சரேகைக் கோட்டில் இருக்கிறீர்கள். பலகைக்கு மேலே தெரிந்தால் ஊருக்கு வடக்கே வந்துவிட்டீர்கள். பலகைக்குள் மறைந்தால் தெற்கே. கோட்டைப் பிடித்த பிறகு கிழக்கோ மேற்கோ திருப்பி ஓட்டினால் துறை வந்துவிடும்.

கயிறு தொய்ந்தால் எல்லாம் போச்சு. நாகப்பட்டினத்து முடிச்சில் 1 செ.மீ. தொய்வு கால் பாகைப் பிழை. கடலில் அது சுமார் 28 கி.மீ. இடமும் முக்கியம். மெரினாவில் நின்று வடக்கே பார்த்தால் கரையும் கட்டடமும்தான் தெரியும், தொடுவானம் கிடைக்காது. ராமேஸ்வரத் தீவின் வடகரை போல வடக்கே கடல் விரியும் இடம் வேண்டும். கும்மிருட்டும் ஆகாது, நிலா வெளிச்சத்தில் கடற்கோடு தெரிய வேண்டும்.

நான் தந்த அளவுகள் கண்ணிலிருந்து கணக்கிட்டவை. அந்த மாலுமிகளோ முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டார்கள். பல் வேறு, கண் வேறு, பிழை வராதா என்று கேட்கலாம். துறையில் நின்றபடியே முடிச்சுப் போட்டுக்கொண்டால் அந்தப் பிழையும் சேர்ந்தே முடிச்சில் ஏறிவிடும். ஒருவர் கயிறு இன்னொருவர் முகத்துக்குப் பொருந்தாது, அவ்வளவுதான். ராமேஸ்வரம் போக முடிந்தால் என் கணக்கை விட்டுவிட்டு அங்கேயே முடிச்சுப் போடுங்கள்.

கேள்வி (வல்வெட்டித்துறை): எங்கள் ஊர் 9.8 பாகை. இரவு எட்டு மணிக்கு அளந்தால் நவம்பரில் கூடுதலாகவும் மே மாதத்தில் குறைவாகவும் வருகிறது. பலகையில் கோளாறா?

பதில்: பலகை சரிதான், நட்சத்திரம்தான் நகர்கிறது. அது வானம் சுழலும் மையமான துருவத்தில் துல்லியமாக இல்லை, 0.6 பாகை தள்ளி நின்று துருவத்தைச் சுற்றிவருகிறது. மேலே இருக்கும்போதும் கீழே இருக்கும்போதும் அளந்தால் வித்தியாசம் 130 கி.மீ.க்கும் மேல் போகும். W வடிவில் தெரியும் காசியோப்பியா விண்மீன் கூட்டம் துருவத்துக்கு மேலே நின்றால் அரைப் பாகை கழியுங்கள். சப்தரிஷி மண்டலம் மேலே நின்றால் அரைப் பாகை கூட்டுங்கள்.

இது உங்களுக்குச் சின்னத் தொல்லை. 15ஆம் நூற்றாண்டில், ஜுல்ஃபாரைச் (இன்றைய ராஸ் அல் கைமா) சேர்ந்த அரபு மாலுமி இப்னு மாஜித் கப்பலோட்டிய காலத்தில், அந்த நட்சத்திரம் துருவத்திலிருந்து சுமார் மூன்றரைப் பாகை தள்ளி இருந்தது. அவர்கள் உயரத்தை ‘இஸ்பா’, அதாவது விரல் கணக்கில் அளந்தார்கள். ஒரு விரல் ஏறத்தாழ 1.6 பாகை. இரண்டு விரலுக்கு மேல் தவறினால் கோழிக்கோட்டுக்குப் புறப்பட்டவர் வேறெங்கோ கரையேறுவார். ஆகவே எந்த நிலவு மனை (அசுவினி, பரணி போன்ற நட்சத்திரக் கூட்டம்) உச்சிக்கு வருகிறது என்று பார்த்து, அதற்குரிய ‘பாஷி’ என்னும் திருத்தத்தைச் சேர்த்தார்கள். பலகையை யாரும் செய்துவிடலாம். இந்தத் திருத்தத்தை மனப்பாடமாக வைத்திருந்ததுதான் வித்தை.

கேள்வி (நாகூர்): வாஸ்கோ ட காமாவுக்கு வழிகாட்டியது இப்னு மாஜித்தானா?

பதில்: பெரும்பாலான ஆய்வாளர்கள் இதை ஏற்பதில்லை. 1498இல் ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையின் மாலிந்தியில் ஏறிய வழிகாட்டியைக் குஜராத்தி என்று போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர் எழுதுகிறார். இப்னு மாஜித் பெயரைக் கோத்தது 16ஆம் நூற்றாண்டு அரபு நூல் ஒன்று.

கேள்வி (அதிராம்பட்டினம்): ‘மாலுமி’ தமிழ்ச் சொல்லா?

பதில்: அரபியின் ‘முஅல்லிம்’ தான் மாலுமி ஆனது. பள்ளியில் ஆசிரியர், கப்பலில் வழிகாட்டி.