‘ஃப்ரம் வென்ஸ்’: அடிக்க வேண்டியதில்லை

கேள்வி: எங்கள் ஆலய நூற்றாண்டு மலரில் 121ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தைக் கிங் ஜேம்ஸ் பைபிளில் உள்ளபடி, ‘ஃப்ரம் வென்ஸ் கமெத் மை ஹெல்ப்’ என்று சேர்த்திருந்தோம். ‘வென்ஸ்’ என்றாலே ‘எங்கிருந்து’தான், ‘ஃப்ரம்’ தேவையில்லை என்று மெய்ப்புப் பார்த்தவர் அடித்துவிட்டார். அவர் சொல்வது சரியா? என் கட்டுரையிலும் இந்தச் சொல்லை எழுதலாமா?

பதில்: அடித்த ‘ஃப்ரம்’மைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள். மேற்கோளில் இருக்கும் சொல்லைத் திருத்தும் உரிமை நமக்கு இல்லை. அது பிழையும் அல்ல.

பொருளைப் பொறுத்தவரை உங்கள் மெய்ப்பாளர் சொல்வது சரிதான். பழைய ஆங்கிலத்தில் இடத்தைக் குறிக்க ஒன்பது சொற்கள் வரிசையாக இருந்தன. இங்கே, அங்கே, எங்கே என்பதற்கு ‘ஹியர், தேர், வேர்’. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று போகும் திசையைச் சொல்ல ‘ஹிதர், திதர், விதர்’. புறப்பட்ட இடத்தைச் சொல்ல ‘ஹென்ஸ், தென்ஸ், வென்ஸ்’. சுட்டும் வினாவும் முதலெழுத்தில் மாறும் முறை தமிழருக்குப் புதிதல்ல என்பதால், இந்த ஒன்பதும் நமக்குச் சட்டென்று மனத்தில் நிற்கும். ஆதியாகமம் 16:8இல் ஆகாரிடம் தேவதூதன் கேட்கும் கேள்வியில் இரண்டு சொற்கள் சேர்ந்தே வருகின்றன: எங்கேயிருந்து வந்தாய் என்பதற்கு ‘வென்ஸ்’, எங்கே போகிறாய் என்பதற்கு ‘விதர்’. அங்கே ‘ஃப்ரம்’ கிடையாது.

அப்படியானால் அதே பைபிள் சங்கீதத்தில் மட்டும் ஏன் ‘ஃப்ரம்’ சேர்த்தது? அந்த வழக்கு அதற்கும் முந்தியது. 14ஆம் நூற்றாண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பான விக்ளிஃப் பைபிள் இதே வசனத்தில் ‘ஃப்ரோ’ என்ற பழைய வடிவத்தைச் சேர்த்தே எழுதியது. ‘வென்ஸ்’ஸின் கடைசியில் ஒலிக்கும் ‘ஸ்’, ஒரு காலத்தில் ஆறாம் வேற்றுமை உருபாக இருந்தது. ‘ஒன்ஸ்’, ‘ட்வைஸ்’ இரண்டிலும் இருப்பது அதே உருபுதான். நாளடைவில் அந்த உருபை யாரும் உருபாக உணரவில்லை. ‘இருந்து’ என்ற பொருள் போதிய அழுத்தத்தோடு கேட்காததால்தான் மக்கள் ‘ஃப்ரம்’மைச் சேர்த்துக்கொண்டார்கள் என்பது என் கணிப்பு. 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பதிப்பு இரண்டு வழக்குகளையும் ஏற்றது. ஷேக்ஸ்பியரும் 48ஆம் சானெட்டில் (பதினான்கு வரிக் கவிதை) ‘ஃப்ரம் வென்ஸ்’ என்றே எழுதினார்.

எதிர்ப்பு பின்னால் வந்தது. 1755இல் சாமுவேல் ஜான்சன் தம் அகராதியில் இதைக் கெட்ட வழக்கு என்று குறித்தார். பள்ளி இலக்கணங்களும் அதையே பிடித்துக்கொண்டன. உங்கள் மெய்ப்பாளர் கையில் இருப்பதும் அந்த விதிதான். விதிக்கு முன்பே ஏறத்தாழ நானூறு ஆண்டு வாழ்ந்த வழக்கைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் கட்டுரைக்கு வேறு பதில். ‘வென்ஸ்’ இன்று பேச்சில் இல்லை. எழுத்திலும் பழைய வாடை அடிக்கும். ‘ஃப்ரம் வேர்’ என்று எழுதுங்கள், போதும். அந்த வாடைதான் வேண்டுமென்றால் தனி ‘வென்ஸ்’ எழுதுங்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ‘எப்போது’ என்ற பொருளில் மட்டும் எழுதிவிடாதீர்கள். ‘வென்’ போல ஒலிப்பதால் அந்தத் தவறு நடக்கக்கூடும்.

மலருக்கு இன்னொன்று. கிங் ஜேம்ஸில் அந்த வசனம் கேள்வி அல்ல. நம் பழைய தமிழ் வேதாகமமும், ‘எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்’ என்று ஒரே வாக்கியமாகவே சொல்கிறது. எபிரேயத்தில் அதை ‘எனக்கு உதவி எங்கிருந்து வரும்?’ என்ற கேள்வியாக வாசிப்பதால், புதிய ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவற்றில் கேள்விக்குறி இருக்கும். அதைப் பார்த்து யாராவது உங்கள் பக்கத்திலும் கேள்விக்குறி போட்டுவிடக்கூடும். வசனத்தின் கீழே ‘கிங் ஜேம்ஸ் பதிப்பு’ என்று குறிப்பிட்டு, இரண்டு பதிப்புகளும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.