காண்டெஸா 32-ஆ, ஓஷியானிஸ் 30.1-ஆ?

பழைய வகைப் பாய்மரப் படகான காண்டெஸா 32 வாங்குவதா, புதிய வகையான ஓஷியானிஸ் 30.1 வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள சோலன்ட் நீரிணையில் வார இறுதிப் பயணம், கோடையில் பிரான்ஸ் கரை, என்றாவது பிஸ்கே விரிகுடா, கூடவே கடல் ஒத்துக்கொள்ளாத மனைவி என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் என் ஓட்டு ஓஷியானிஸுக்கே.

காண்டெஸாவின் பெயர் சும்மா வரவில்லை. 1979-இல் ஃபாஸ்ட்நெட் என்ற கடல் பாய்மரப் படகுப் பந்தயத்தைப் புயல் தாக்கியபோது, மிகச் சிறிய படகுகளின் பிரிவில் பந்தயத்தை முடித்தது ‘அசென்ட்’ என்ற காண்டெஸா 32 ஒன்றுதான். ஒடுங்கிய உடல், அடியில் நல்ல பாரம், முன்னே ஸ்கெக் என்ற நிலைத் துடுப்பு தாங்கும் சுக்கான். அலையை மென்மையாகக் கிழித்துப் போகும். ஆனால் சீக்கிரம் சாயும், டெக்கில் தண்ணீர் வாரி அடிக்கும், உள்ளே இடுக்கம். ஓஷியானிஸில் அகன்ற பின்பகுதி, இரட்டைச் சுக்கான், நிமிர்ந்து நிற்கும் உயரம், வெளிச்சம். எதிரலையில் தட்டையான அடிப்பகுதி ‘தடார்’ என்று அறையும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பணம்தான் உண்மையான சிக்கல். பழையதன் விலை மலிவாகத் தெரியும். பாய்மரக் கம்பிகள், எஞ்சின், பாய்கள், மின்கம்பிகள் எப்போது மாற்றப்பட்டன என்று ரசீதோடு கேளுங்கள். பாய்மரக் கம்பிகளுக்குப் பத்து வயது தாண்டியிருந்தால் காப்பீட்டுக்காரர் கேள்வி கேட்பார். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குத் திண்டாட வேண்டாம். ஓஷியானிஸும் ஏற்கெனவே ஓடியதாக இருந்தால், தரை தட்டிய வரலாறு உண்டா என்று கீலை (அடியிலுள்ள பாரத் துடுப்பை) உடலோடு பிணைக்கும் போல்ட்டுகளைச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எதுவானாலும் படகைச் சோதிக்கும் சர்வேயரை நீங்களே அமர்த்துங்கள், விற்பவர் காட்டும் ஆளை அல்ல.

முடிவெடுக்கும் முன் காற்று பலமான ஒரு நாளில் இரண்டிலும் மனைவியை ஏற்றிப் பாருங்கள்.